மூன்று மூட்டை, மூன்றிலும் தவறான சீட்டு: ‘கலப்பு’ மூட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டுமா?

கேள்வி (பென்னாகரத்திலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பென்னாகரம் பக்கத்தில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்து, கூடுகளைத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோகிறோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கடந்த வாரம் பள்ளியிலிருந்து ஒரு புதிர்த்தாள் கொண்டுவந்தாள். அதில் பழக்கூடைகளைப் பற்றி ஒரு புதிர் இருந்தது. வீட்டில் தினமும் கையில் புரளும் பொருளை வைத்துச் சொன்னால் இன்னும் நன்றாகப் பதியும் என்று எண்ணி, அதை நானே பட்டுக்கூட்டுப் புதிராக மாற்றிக் கொடுத்தேன். இப்போது அந்தப் புதிரில் எனக்கும் அவளுக்கும் தீராத வழக்கு ஏற்பட்டிருக்கிறது.

புதிர் இதுதான். வாய் கட்டிய மூன்று மூட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் வெண்கூடு மட்டும், ஒன்றில் மஞ்சள் கூடு மட்டும், ஒன்றில் இரண்டும் கலந்து இருக்கின்றன. மூட்டைகளின் மேல் ‘வெண்கூடு’, ‘மஞ்சள் கூடு’, ‘கலப்பு’ என்று மூன்று சீட்டுகள் கட்டப்பட்டுள்ளன. ஆனால் சீட்டு கட்டியவர் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிவிட்டார். ஒரு சீட்டு கூடச் சரியான மூட்டையில் இல்லை. ஏதாவது ஒரு மூட்டையில் கையை விட்டு, உள்ளே பார்க்காமல், ஒரே ஒரு கூட்டை மட்டும் எடுத்துப் பார்த்து, மூன்று மூட்டைகளிலும் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

‘கலப்பு’ என்ற சீட்டுள்ள மூட்டையிலிருந்து எடுக்க வேண்டும் என்று புதிர்த்தாளின் விடை சொல்கிறது. என் மகளும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் அந்த விடையைப் பார்ப்பதற்கு முன்பே வேறு வழியில் தீர்த்துவிட்டேன். திண்ணையில் மூன்று துணிப்பைகளை வைத்து, பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்துச் சீட்டு எழுதி, பைக்கு எட்டுக் கூடாக அவள் போட்டு வைத்திருந்தாள். கலப்புப் பையில் நான்கு வெள்ளை, நான்கு மஞ்சள். நான் ‘வெண்கூடு’ என்ற சீட்டுள்ள பையில் கையை விட்டேன். வெள்ளைக் கூடு வந்தது. சீட்டு பொய் என்பதால் அந்தப் பை முழுவதும் வெள்ளையாக இருக்க முடியாது. வெள்ளை ஒன்று வந்துவிட்டதால் முழுவதும் மஞ்சளாகவும் இருக்க முடியாது. ஆகவே அதுதான் கலப்பு. ‘மஞ்சள் கூடு’ என்ற சீட்டுள்ள பையில் மஞ்சள் இருக்காது, கலப்பும் வேறு பையில் இருப்பது தெரிந்துவிட்டது, எனவே அதில் வெள்ளை. மிச்சமுள்ள ‘கலப்பு’ பையில் மஞ்சள். பைகளை அவிழ்த்துப் பார்த்தோம். மூன்றும் நான் சொன்னபடியே இருந்தன.

என் வழியிலும் ஒரே ஒரு கூட்டைத்தான் எடுத்தேன், விடையும் சரியாக வந்தது. அப்படியிருக்க, ‘கலப்பு’ மூட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று ஏன் கட்டாயப்படுத்துகிறார்கள்? என் தர்க்கத்தில் எங்காவது ஓட்டை இருக்கிறதா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், மகளிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற கணக்காசிரியர், கிருஷ்ணகிரி)

அம்மா, உங்கள் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வெள்ளைக் கூடு கையில் வந்த பிறகு நீங்கள் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியும் சரியானது. என் வகுப்பில் ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். சிக்கல் அதற்கு முந்தைய அடியில் இருக்கிறது. பையில் கையை விடும்போது வெள்ளைதான் வரும் என்பதற்கு உங்களிடம் என்ன உறுதி இருந்தது?

மூன்று சீட்டுகளை மூன்று மூட்டைகளில் கட்ட மொத்தம் 6 வழிகள் உண்டு. அவற்றில் ஒரு சீட்டு கூடச் சரியான இடத்தில் அமையாத வழிகள் 2 மட்டுமே. முதல் அமைப்பில் ‘வெண்கூடு’ சீட்டின் கீழ் மஞ்சளும், ‘மஞ்சள் கூடு’ சீட்டின் கீழ் கலப்பும், ‘கலப்பு’ சீட்டின் கீழ் வெள்ளையும் இருக்கும். இரண்டாம் அமைப்பில் ‘வெண்கூடு’ சீட்டின் கீழ் கலப்பும், ‘மஞ்சள் கூடு’ சீட்டின் கீழ் வெள்ளையும், ‘கலப்பு’ சீட்டின் கீழ் மஞ்சளும் இருக்கும். மூன்றாவது அமைப்பு ஒன்றைத் தேடி ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள், கிடைக்காது. ஆக, புதிர் நம்மிடம் கேட்பது இந்த இரண்டில் எது என்பதை மட்டுமே.

இப்போது உங்கள் பைக்கு வருவோம். ‘வெண்கூடு’ பையில் முதல் அமைப்பின்படி மஞ்சள் மட்டும் இருக்கும். இரண்டாம் அமைப்பின்படி கலப்பு இருக்கும். உங்கள் கையில் மஞ்சள் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? முழு மஞ்சள் மூட்டையிலிருந்தும் மஞ்சள் வரும், கலப்பிலிருந்தும் மஞ்சள் வரும். அந்த ஒரு கூட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது எந்த மூட்டையின் கூடு என்று அது சொல்லாது. நீங்கள் அங்கேயே நின்றிருப்பீர்கள்.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். உங்கள் மகள் இரண்டு அமைப்புகளையும் சம வாய்ப்போடு வைக்கிறாள், கலப்பில் பாதிக்குப் பாதி இருக்கிறது என்று கொள்வோம். 100 முறை விளையாடினால், ‘வெண்கூடு’ பை ஏறத்தாழ 50 முறை முழு மஞ்சளாகவும் 50 முறை கலப்பாகவும் இருக்கும். அந்தக் கலப்பான 50 முறைகளிலும் சுமார் 25 முறைதான் வெள்ளை கையில் வரும். அதாவது உங்கள் வழி நான்கில் ஒரு முறை விடையைக் கொடுக்கும். மற்ற 75 முறைகளில் மஞ்சள் வரும்; அவற்றில் 50 முறை முழு மஞ்சள், 25 முறை கலப்பு. அப்போது ‘முழு மஞ்சளாகத்தான் இருக்கும்’ என்று சொன்னால் மூன்றில் இரண்டு முறை சரியாக இருக்கும். அது நல்ல ஊகம்; ஆனால் புதிர் கேட்பது ஊகத்தை அன்று.

‘கலப்பு’ சீட்டுள்ள மூட்டையின் நிலைமை வேறு. சீட்டு பொய் என்பதால் அதில் கலப்பு இருக்கவே முடியாது. எனவே அது முழு வெள்ளை அல்லது முழு மஞ்சள். ஒரு கூடு வெள்ளையாக வந்தால் மூட்டை முழுவதும் வெள்ளை, மஞ்சளாக வந்தால் மூட்டை முழுவதும் மஞ்சள். எந்த நிறம் வந்தாலும் அமைப்பு தெரிந்துவிடுகிறது; அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. தீர வேண்டிய ஐயமும் இரண்டு அமைப்புகளுக்கு இடையே, கூடு தரக்கூடிய பதிலும் இரண்டு நிறங்களுக்குள். அந்த ஒரு மூட்டையில் மட்டும்தான் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இந்தப் புதிரைக் கொடுத்தால், உங்களைப் போலவே ‘வெண்கூடு’ மூட்டையைத் தொடும் மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். காரணம், ‘கலப்பு’ என்ற சொல்லைப் படித்தவுடன் அந்த மூட்டை குழப்பமானது, அதிலிருந்து எது வந்தாலும் பயனில்லை என்று மனம் ஒதுக்கிவிடுகிறது. சீட்டு பொய் என்று தெரிந்த பிறகும் சீட்டையே நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

மறுமொழி 2 (பட்டுக்கூடு உழவர், பாலக்கோடு)

ஐயா அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, அம்மா தமது புதிரைக் கொஞ்சம் இறுக்கிக் கட்ட வேண்டும். வெண்கூடு இருசந்ததி இனம், அதாவது ஆண்டுக்கு இரண்டு தலைமுறை தரும் புழு கட்டுவது; மஞ்சள் கூடு கலப்பினம், அதாவது வெவ்வேறு இனங்களை இணைத்துப் பெற்ற புழு கட்டுவது. வெண்கூடு பொதுவாகப் பெரியது, ஓடு தடித்தது, விரலால் அழுத்தினால் கெட்டியாக நிற்கும். மஞ்சள் கூடு சற்றுச் சிறியது, அழுத்தினால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பல ஆண்டுகள் கூடு பறித்த கைக்கு இருட்டில் கூட இது தெரியும். ஆகவே ‘உள்ளே பார்க்காமல்’ என்று மட்டும் சொன்னால், என்னைப் போன்ற ஒருவர் மூட்டைக்குள் கையை விட்டு நாலைந்து கூடுகளைத் தடவிப் பார்த்தே கலப்பா இல்லையா என்று சொல்லிவிடுவார். புதிர் அங்கேயே கெட்டுப்போகும். ஒரு சிறுவனை விட்டு ஒரே ஒரு கூட்டை எடுத்துத் தரச் சொல்லி, மற்றவர் அதை மட்டுமே பார்க்க வேண்டும் என்று விதி வைத்தால் சரியாக இருக்கும்.

இரண்டாவது, எனக்கு இந்தப் புதிரில் மிகவும் பிடித்த இடம். அங்காடியில் கூட்டைத் தட்டில் கொட்டிப் பரப்பி வைத்த பிறகுதான் ஏலம் நடக்கிறது. கூட்டை வாங்கி நூல் எடுக்கும் நூற்பாளர் அள்ளிப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், அடியிலிருந்தும் எடுத்துப் பார்ப்பார். வெள்ளையும் மஞ்சளும் கலந்து போனால் நூலின் நிறமும் சீராக வராது, தடிமனும் சீராக வராது. அதனால் ஒரு கூட்டை மட்டும் பார்த்து ஒரு மூட்டைக்கு விலை சொல்ல எந்த நூற்பாளரும் துணிய மாட்டார். அப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு, ‘ஒரே கூட்டில் மூன்று மூட்டையையும் சொல்’ என்று படித்தவுடன் இது நடக்காத காரியம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஐயா சொன்னதைப் படித்த பிறகுதான் உறைத்தது. ‘கலப்பு’ சீட்டுள்ள மூட்டையில் கையை விடும்போது நாம் உண்மையான கலப்பு மூட்டையைத் தொடுவதே இல்லை. ஆகையால் கலப்பில் பாதிக்குப் பாதி இருந்தாலும் ஒன்றுதான், ஆயிரம் வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் இருந்தாலும் ஒன்றுதான், விடை மாறாது. அம்மாவின் வழியில் அப்படி இல்லை. கலப்பில் வெள்ளை குறைவாக இருந்தால் ‘வெண்கூடு’ பையிலிருந்து வெள்ளை வருவதும் அந்த அளவுக்கு அரிதாகிவிடும். நான்கில் ஒன்று என்று ஐயா சொன்ன கணக்கு, பாதிக்குப் பாதி என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. மறுமொழிகளை மகளுக்குப் படித்துக் காட்டினேன். நேற்று மாலை தழை வெட்டிப் போட்ட பிறகு மீண்டும் பைகளை எடுத்து வைத்தோம். இம்முறை பாலக்கோட்டு ஐயா சொன்னபடி பக்கத்து வீட்டுப் பையன் கூட்டை எடுத்துக் கொடுத்தான். நான் பிடிவாதமாக ‘வெண்கூடு’ பையையே எட்டு முறை கேட்டேன். ஏழு முறை மஞ்சள் வந்தது. அந்த ஏழிலும் என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊகித்ததில் மூன்று தவறாகப் போயின. ‘கலப்பு’ பையைக் கேட்ட மகளுக்கு ஒருமுறையும் தவறவில்லை. என் முதல் வெற்றி தற்செயலாக அமைந்தது என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

அவள் இப்போது புதிய கேள்வி ஒன்றைக் கிளப்பியிருக்கிறாள். ‘எல்லாச் சீட்டும் தவறு’ என்பதற்குப் பதிலாக ‘ஏதோ சில சீட்டுகள் தவறு’ என்று மட்டும் சொன்னால் ஒரு கூடு போதுமா? மூன்றுக்குப் பதிலாக நான்கு மூட்டைகள் இருந்தால் என்ன ஆகும்? எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுமொழி 3 (கல்லூரி மாணவி, ஊத்தங்கரை)

அம்மாவுக்கு வணக்கம். தங்கையின் இரண்டு கேள்விகளும் நன்றாக இருக்கின்றன. இரண்டாவது கேள்வியில் நான் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டேன்.

முதல் கேள்விக்கு விடை: போதாது. முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று சீட்டுகளில் ஒன்று மட்டும் தவறாக இருக்க முடியாது. இரண்டு சரியாக அமைந்துவிட்டால் மூன்றாவது தானாகவே தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். எனவே ‘சில தவறு’ என்றால் இரண்டு தவறு அல்லது மூன்றும் தவறு. மொத்தம் 6 அமைப்புகளில் எல்லாம் சரியான ஒன்றைக் கழித்தால் 5 மிஞ்சும். ஒரு கூடு வெள்ளை அல்லது மஞ்சள் என்று இரண்டு பதில்களைத்தான் தர முடியும். ஐந்து அமைப்புகளை இரண்டு பதில்களால் பிரித்தறிய இயலாது. எடுத்துக்காட்டாக, ‘கலப்பு’ மூட்டையிலிருந்து வெள்ளை வந்தது என்று கொள்வோம். அது உண்மையான வெள்ளை மூட்டையாக இருக்கலாம். அப்போதும் மற்ற இரண்டு மூட்டைகள் இரண்டு விதமாக அமையலாம். அல்லது அந்தச் சீட்டு சரியாகவே இருந்து, மற்ற இரண்டு சீட்டுகள் மட்டும் இடம் மாறியிருக்கலாம். மூன்று அமைப்புகள் அப்படியே நிற்கின்றன. அதனால் ‘ஒரு சீட்டு கூடச் சரியில்லை’ என்ற வாக்கியம்தான் இந்தப் புதிரில் நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய துப்பு. முழுவதும் பொய்யான சீட்டுகள், பாதி பொய்யான சீட்டுகளைவிட அதிகம் சொல்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு மூன்று வகைக் கூடுகள் தேவை. வெள்ளை, மஞ்சள் ஆகியவற்றோடு, இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டும் இரட்டைக் கூட்டையும் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளை, மஞ்சள், இரட்டை, மூன்றும் சேர்ந்த கலப்பு என நான்கு மூட்டைகள். நான்கு சீட்டுகளும் தவறு. இப்போது அமைப்புகள் 9 ஆகின்றன. ஐந்து மூட்டை என்றால் 44 ஆகும். எதுவும் தன் இடத்தில் அமையாத வரிசைகளை எண்ணும் இந்தக் கணக்கை, பிரெஞ்சுக் கணிதவியலாளர் மான்மோர் 1708-ஆம் ஆண்டிலேயே ஒரு சீட்டாட்டத்தை ஒட்டி எழுப்பியிருக்கிறார்.

பழைய முறைப்படி ‘கலப்பு’ மூட்டையிலிருந்தே தொடங்கலாம். வெள்ளை வந்தது என்றால் அந்த மூட்டை முழு வெள்ளை, இதில் ஐயமில்லை. மிச்சமுள்ள மூன்று மூட்டைகளுக்கு மூன்று அமைப்புகள் எஞ்சுகின்றன. ‘வெண்கூடு’, ‘மஞ்சள் கூடு’, ‘இரட்டை’ என்ற சீட்டுகளின் வரிசையில் சொன்னால், உள்ளே இருப்பவை மஞ்சள், இரட்டை, கலப்பு என்றோ, இரட்டை, கலப்பு, மஞ்சள் என்றோ, கலப்பு, இரட்டை, மஞ்சள் என்றோ இருக்கும்.

இங்கேதான் தடை வருகிறது. அடுத்து ‘வெண்கூடு’ சீட்டுள்ள மூட்டையிலிருந்து ஒரு கூடு எடுத்து, அது மஞ்சளாக வந்தால், முதல் அமைப்பா மூன்றாம் அமைப்பா என்று தெரியாது. ஏனென்றால் கலப்பு மூட்டையும் மஞ்சளைத் தரக்கூடும். வேறு மூட்டைக்குப் போனாலும் இதே கதைதான். கலப்பு மூட்டை தன் நிறத்தைக் காட்டிக்கொள்ளாமல் ஒரே வகைக் கூட்டையே திரும்பத் திரும்பத் தந்துகொண்டிருந்தால், பத்துக் கூடு எடுத்தாலும் உறுதி கிடைக்காது. மூன்று மூட்டைப் புதிரில் நாம் உண்மையான கலப்பைத் தொடாமலேயே தப்பித்துவிட்டோம் என்று பாலக்கோட்டு ஐயா சொன்னாரே, நான்கு மூட்டைப் புதிரில் அப்படித் தப்பிக்க வழியில்லை.

ஆனால் விதியைச் சிறிது தளர்த்தினால் ஓர் அழகான தீர்வு இருக்கிறது. ஒரு கூடு எடுக்கவும், அதன் பிறகு ஒரே ஒரு மூட்டையை மட்டும் தட்டில் முழுவதுமாகக் கொட்டிப் பார்க்கவும் அனுமதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டையைக் கொட்டுவது? மேலே சொன்ன மூன்று அமைப்புகளையும் பாருங்கள். ‘மஞ்சள் கூடு’ மூட்டையில் இரண்டு அமைப்புகளில் இரட்டைக் கூடே வருகிறது. ‘இரட்டை’ மூட்டையில் இரண்டு அமைப்புகளில் மஞ்சளே வருகிறது. ‘வெண்கூடு’ மூட்டையில் மட்டும் மூன்றும் வெவ்வேறு. ஆகவே முதலில் கையில் எந்த வகைக் கூடு வந்ததோ, அந்த வகையின் பெயரைத் தாங்கிய மூட்டையைக் கொட்ட வேண்டும். அது என்னவென்று தெரிந்த கணத்தில் மற்ற இரண்டும் தெரிந்துவிடும்.

மறுமொழி 4 (ஓய்வுபெற்ற கணக்காசிரியர், கிருஷ்ணகிரி)

மாணவியின் விடையைத் தாளில் எழுதி ஒன்பது அமைப்புகளோடும் சரிபார்த்தேன், சரியாக இருக்கிறது. கொட்ட வேண்டிய மூட்டை பற்றிய அந்த விதி எனக்கே புதியது. ஒரு சிறு விளக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். வெள்ளைக்கூடுகள் ‘கலப்பு’ சீட்டின் கீழ் இருப்பது தெரிந்த பிறகு, ‘வெண்கூடு’ என்ற சீட்டு எஞ்சிய மூன்று வகைகளில் எதையும் தடுப்பதில்லை. மற்ற இரண்டு சீட்டுகளும் தத்தம் வகையைத் தடுக்கின்றன. தடையே இல்லாத அந்த மூட்டையில்தான் மூன்று வாய்ப்புகளும் திறந்து கிடக்கின்றன. ஆகவே அதைத் திறந்தால்தான் மிகுதியாகத் தெரிந்துகொள்ள முடியும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

தங்கை என்று மாணவி அழைத்ததில் மகளுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒன்பது அமைப்புகளையும் அவளே நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கட்டம் போட்டு எழுதிவிட்டாள். முதலில் எட்டுதான் கிடைத்தன, விட்டுப்போன ஒன்றை இரவு சாப்பிட உட்கார்ந்தபோது கண்டுபிடித்தாள். நான்காவது பைக்கும் கலப்புப் பைக்கும் சேர்த்துப் பத்து இரட்டைக் கூடுகளாவது வேண்டுமாம். இந்த முறை பறித்ததில் தரம் பிரிக்கும்போது ஒதுக்கிய கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஆறு கிடைத்திருக்கின்றன.